டெஃபராசிராக்ஸ்: கரைத்துக் குடிப்பதா, விழுங்குவதா?

தலசீமியா (பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய்) உள்ள பிள்ளைக்கு ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதைத் தானாக வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இருதயத்திலும் ஈரலிலும் படிகிறது. பத்து, இருபது தடவை ஏற்றியபிறகோ, ஃபெரிட்டின் (உடம்பில் தங்கிய இரும்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 1000-ஐத் தாண்டியதுமோ, அந்த இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மருந்தை எழுதுவார்கள். அது இரண்டு உருவத்தில் வருகிறது.

கரைக்கும் மாத்திரை பழையது, கொஞ்சம் பாடுபடுத்தும். கண்ணாடி டம்ளரில் 100 மில்லி தண்ணீர், மருந்து ஒரு கிராமுக்கு மேல் என்றால் 200 மில்லி. கட்டியில்லாமல் கலக்க வேண்டும். பாலில் போட்டால் சரியாகக் கரையாது, சோடா வகை நுரைத்துப் பொங்கும். குடித்தபின் அடியில் வெள்ளையாகத் தங்குவதும் மருந்துதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த டம்ளர் நேராகத் தொட்டிக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஃபெரிட்டின் இறங்கவில்லை என்று மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்? வெறும் வயிற்றில் குடித்து அரைமணி கழித்துத்தான் சந்தகையோ இட்லியோ. ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ் என்றால் ஆறு மணிக்கே டம்ளரை எடுக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும். லாக்டோஸ் கலந்திருப்பதால் சில பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும்.

விழுங்கும் மாத்திரை (90, 180, 360 மில்லிகிராம்) எங்கள் கணக்கில் பல மடங்கு மேல். எண்ணெய் அதிகமில்லாத ரெண்டு இட்லியோடு போடலாம், விழுங்க முடியாத பிள்ளைக்குப் பொடித்துத் தயிரில் தரலாம்.

ஒரு இடத்தில்தான் ஆபத்து. இது உடம்பில் நன்றாகச் சேரும் என்பதால் அளவு சுமார் 30 சதவீதம் குறைவு. 25 கிலோ பிள்ளைக்குக் கரைக்கும் மாத்திரையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 500 மில்லிகிராம் என்றால், விழுங்குவதில் 14 வீதம் 350, அதாவது 360 மாத்திரை ஒன்று. மெடிக்கலில் 'ரெண்டும் ஒரே மருந்துதானுங்க' என்று அதே மில்லிகிராமுக்கு மாற்றித் தந்தால் வாங்காதீர்கள், சிறுநீரகம் அடிபடும்.

எதைப் போட்டாலும் மாதம் ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்), ஈரல் டெஸ்ட், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை கண், காது. ஜெலூசில் மாதிரி அலுமினியம் கலந்தவை கூடாது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை வேண்டாமென்று டீச்சரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றினால் அன்றைய மாத்திரையை நிறுத்தி, உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள்.