நீஸ் முதல் மொனாக்கோ வரை: ரயிலா, பஸ்ஸா, கூட்டு வேனா, தனி வண்டியா?

போன அக்டோபரில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு தெற்குப் பிரான்சில் இருக்கும் நீஸ் நகருக்குப் போயிருந்தோம். தங்கைக்கு அங்கேதான் வீடு. பத்து நாள் தங்கலில் ஒரு காலைப் பொழுதை நீஸிலிருந்து பக்கத்துக் குட்டி நாடான மொனாக்கோ வரையிலான மத்தியதரைக் கடற்கரைக்கு என்று ஒதுக்கியிருந்தோம். எதில் போவது என்பதில்தான் பேச்சு மூன்று நாள் ஓடியது. கடைசியில் டிரைவரோடு தனி வண்டி எடுத்தோம், அரை நாளுக்கு. நான்கு வருடம் முன்பு நானும் மனைவியும் இதே கரையை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றியிருந்ததால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு பேருக்கு மேல் போனால், கையில் அரை நாள்தான் இருந்தால், தனி வண்டிதான். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீஸ் நகர நிலையத்தில் ஏறினால் அரை மணிக்குள் மொனாக்கோ. டிக்கெட் ஏறக்குறைய 5 யூரோ. போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் தெரியும், ஆனால் விட்டு விட்டுத்தான் தெரியும். வழி நெடுகச் சுரங்கங்கள். மொனாக்கோ நிலையமே பாறைக்கு உள்ளே இருக்கிறது, 1999இல் திறந்தது. மொனாக்கோ மட்டும் போதும் என்பவர்கள் யோசிக்காமல் ரயிலில் போகலாம், அதைவிட வேகமான வழி இல்லை. சிக்கல் வழியில் இருக்கும் ஏஸ் கிராமத்தில்தான். ரயில் நிற்கும் ஏஸ் கடல் மட்டத்தில் இருக்கிறது. எல்லோரும் பார்க்க வரும் ஏஸ் 400 மீட்டருக்கு மேலே, மலை உச்சியில் கழுகுக் கூடு மாதிரி. நிலையத்துக்கு அருகிலிருந்து தத்துவஞானி நீட்சேயின் பெயரில் ஒரு நடைபாதை மேலே ஏறுகிறது. நாங்கள் அன்று ஏறினோம், ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அருமையான நடைதான். ஆனால் 74 வயது அப்பாவையும் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் அதில் ஏற்ற முடியாது.

பஸ் அதைவிட நல்லது, மலிவும் கூட. ஒரு பஸ் கீழே கடலோரமாகவே மொனாக்கோ வழியாக மாந்தோன் என்ற ஊர் வரை போகிறது. இன்னொன்று நடு மலைச் சாலையில் ஏஸ் கிராமத்துக்கே ஏறிவிடும். காட்சி என்று பார்த்தால் ரயில் கிட்டேயே வர முடியாது. ஆனால் என் மனதில் நின்றது வேறு. நீஸை விட்டு ஏறி ஒரு வளைவு திரும்பியதும் வில்ஃப்ரான்ஷ் வளைகுடா முழுவதும் காலடியில் விரிகிறது. ஆழமான நீல நீர், நங்கூரம் போட்ட கப்பல், அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று காப் ஃபெரா முனை. மனைவி பையிலிருந்து போனை எடுப்பதற்குள் பாறைச் சுவர் வந்துவிட்டது. இரண்டு நொடி, அவ்வளவுதான். அப்புறம் ஏஸில் நாங்கள் படி இறங்கி நிறுத்தத்துக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தாமதம் எங்களுடையது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் மொனாக்கோவுக்கு வைத்திருந்த நேரத்தில் பாதி கரைந்துபோனது.

அந்த இரண்டு நொடியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். இந்தக் கரையில் பார்க்க வேண்டியது ஊர்கள் மட்டுமில்லை. சாலையும் பார்க்க வேண்டிய ஒன்றுதான். நீஸுக்கும் மொனாக்கோவுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த இருபதுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சாலைகள் ஓடுகின்றன. மூன்றுக்கும் கோர்னிஷ் என்றே பெயர். கீழ் கோர்னிஷ் கடலைத் தொட்டுக்கொண்டு, வில்ஃப்ரான்ஷ், போலியூ என்று ஊர் ஊராகப் போகிறது. நடு கோர்னிஷ் மலை இடுப்பில், ஏஸ் கிராமத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேல் கோர்னிஷ் நெப்போலியன் உத்தரவில் போடப்பட்டது, ஏறக்குறைய பழைய ரோமானியச் சாலையின் தடத்திலேயே. 500 மீட்டருக்கு மேலே ஏறி லா துர்பி என்ற ஊரைத் தொடும்.

ஒரே கடலை மூன்று உயரத்தில் பார்ப்பது மூன்று வேறு அனுபவம். கீழே அலையின் நிறம் தெரியும், நடுவில் வளைகுடாவின் வடிவம் தெரியும், மேலே போனால் கரையே ஒரு வரைபடம் மாதிரி விரியும். பொதுப் போக்குவரத்தில் மூன்றையும் ஒரே காலைக்குள் கோர்ப்பது நடக்காத காரியம். தனி வண்டி இருந்தால் குறுக்குச் சாலைகளில் ஏறி இறங்கி மூன்றையும் தொட்டுவிடலாம். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கவும் நிற்கலாம். அரை நாள் சுற்றுலாவில் நான் காசு கொடுப்பது அந்த நிற்றலுக்குத்தான். ஏசி, தோல் இருக்கை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கூட வருபவை.

எங்கள் காலை எப்படிப் போனது என்று சொல்கிறேன். எட்டரைக்கு வீட்டு வாசலில் வண்டி. ஒன்பது மணிக்கு முன்பே அந்த வில்ஃப்ரான்ஷ் வளைவு. இந்த முறை நிறுத்தி இறங்கினோம், கால் மணி நேரம். மனைவி போனையே எடுக்கவில்லை, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஏஸ், ஒரு மணி பத்து நிமிடம். காலையிலேயே அங்கே போய்விடுவது நல்லது. அங்கிருந்து காப் ஃபெரா தென்மேற்கில் இருக்கிறது, காலை வெயில் அதன் மேல் நேராக விழும். மதியத்துக்கு மேல் வெயில் நம் கண்ணில் அடிக்கும். ஏஸிலிருந்து மேல் கோர்னிஷுக்கு ஏறி லா துர்பி, 25 நிமிடம். ஆல்ப்ஸ் மலைக் குடிகளை அடக்கியதற்காக ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பெயரில் கி.மு. 6ஆம் ஆண்டு வாக்கில் எழுப்பிய வெற்றிச் சின்னம் அங்கே இருக்கிறது. தோற்ற 45 குடிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்தவர். அவரை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமமாக இருந்தது. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் மொனாக்கோ நாடு முழுவதும் நேர் கீழே. இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம்தானே, ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது.

அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். 1982இல் மொனாக்கோ இளவரசி கிரேஸின் (முன்னாள் ஹாலிவுட் நடிகை) கார் விபத்துக்குள்ளானது இந்தச் சாலையில்தான். டிரைவர் வேகத்தைக் குறைத்து இடத்தைக் காட்டினார், பேச்சை வளர்க்கவில்லை. மொனாக்கோவில் ஒரு மணி நேரம். பாறைக்கு உள்ளே குடைந்த வண்டி நிறுத்தம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து நகரும் படிக்கட்டும் லிஃப்டும் கடல் அருங்காட்சியகம் இருக்கும் பழைய நகரத்துக்கே ஏற்றிவிடுகின்றன. அம்மா ஒரு படி கூட ஏறவில்லை. 11:55க்கு அரண்மனை வாசலில் காவலர் மாற்றம், தினமும் அதே நேரம்தான். பிறகு மொந்தே கார்லோ சூதாட்ட மாளிகை முன்னால் ஒரு சுற்று, கார் பந்தயம் நடக்கும் அந்தக் குறுகிய வளைவில் ஒரு திருப்பம், கீழ் கோர்னிஷ் வழியாகத் திரும்பல். ஒரு மணிக்கு வீடு.

நான்கரை மணி நேரத்தில் 170 நிமிடம் வண்டிக்கு வெளியே நின்றிருக்கிறோம். முந்தைய பயணத்தில் இதைவிட அதிக நேரம் செலவழித்தும் ஏஸும் அரைகுறை மொனாக்கோவும்தான் மிஞ்சின. லா துர்பி என்று ஓர் ஊர் இருப்பதே அன்று எங்களுக்குத் தெரியாது.

சரி, காசு. எங்களுக்குச் சொன்ன விலை வண்டிக்கு 430 யூரோ, எட்டுப் பேர் உட்காரலாம். பலர் சேர்ந்து போகும் கூட்டு வேனில் தலைக்கு 80 யூரோ அளவில் கேட்டார்கள். ஐந்து பேருக்கு 400. வித்தியாசம் 30 யூரோதான் என்றதும் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு பேர் மட்டும் போனால் இந்தக் கணக்கு தலைகீழ். 160 எங்கே, 430 எங்கே! தம்பதியாகப் போகிறவர்களுக்குத் தனி வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டு வேனும் ரயிலும்தான் அவர்களுக்குச் சரி. விலைகள் பருவத்துக்குப் பருவம் மாறும், நாங்கள் போனது கூட்டம் குறைந்த அக்டோபர்.

கூட்டு வேனில் நான் போனதில்லை. தங்கையின் தோழி குடும்பம் போய் வந்து சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். டிரைவர் நன்றாகப் பேசினாராம், குறையொன்றும் இல்லை. ஆனால் ஹோட்டல் ஹோட்டலாக ஆட்களை ஏற்றியதில் முதல் முக்கால் மணி போனது. ஏஸில் வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் ஓர் அரை மணி. சுற்றிக் காட்டுவது இலவசம், முடிவில் கடை வழியாக வெளியே வர வேண்டும். பூக்களிலிருந்து மணம் பிரிக்கும் முறையைத் தெரிந்துகொள்ள ஆசை இருப்பவர்களுக்கு அது நல்ல நிறுத்தம்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் ஆசை இல்லை, ஆகவே அந்த அரை மணியை லா துர்பிக்குக் கொடுத்தோம்.

வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டுவது? என் மைத்துனருக்கு அந்த யோசனை இருந்தது. இடது பக்க ஸ்டியரிங், குறுகிய மலைச் சாலை, ஏஸில் இடம் தேடி அலைவது எல்லாம் பழகினால் சமாளிக்கலாம். ஆனால் ஓட்டுபவர் கடலைப் பார்க்க முடியாது. வருபவர்களில் ஒருவருக்கு அந்தக் காலை முழுவதும் வளைவுகளும் கண்ணாடியும்தான். அதனால் அதை ஒதுக்கிவிட்டேன்.

தனி வண்டியின் குறைகளும் உண்டு. பெரிய குறை, ஏஸின் படிகள். கிராமத்துக்குள் வண்டி போகாது. நிறுத்தத்திலிருந்து கற்படிகளில் நாம்தான் ஏற வேண்டும். 1706இல் இடிக்கப்பட்ட கோட்டையின் சிதைவுகள் மேல் கள்ளித் தோட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள், உச்சிக் காட்சி அங்கேதான். அம்மா பாதி வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், தங்கை துணைக்கு இருந்தாள். ‘இங்கேயே நல்லாத்தான் இருக்கு, நீங்க போயிட்டு வாங்க’ என்றார். அங்கிருந்தும் கொஞ்சம் கடல் தெரிந்தது என்றாலும் எனக்கு மனது கேட்கவில்லை. முழங்கால் வலி இருப்பவர்களோடு போனால் ஏஸைக் குறைத்துக்கொண்டு லா துர்பியிலும் வில்ஃப்ரான்ஷிலும் நேரம் கூட்டுவது நல்லது. இது எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று, டிரைவர் வேறு, வழிகாட்டி வேறு. பிரான்சில் அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் கூட்டிப்போய் விளக்குவதற்குத் தனி உரிம அட்டை வேண்டும். பெரும்பாலான டிரைவர்கள் வண்டியில் கதை சொல்வார்கள், வாசலில் விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. முழு விளக்கம் எதிர்பார்க்கிறவர்கள் அட்டை உள்ள வழிகாட்டியைத் தனியாகக் கேட்க வேண்டும், செலவு நன்றாகவே கூடும்.

பதிவு செய்யும்போது நாங்கள் எழுத்தில் கேட்டு வாங்கியவை சில. விலை வண்டிக்கா, தலைக்கா. நேரக் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. நிறுத்தக் கட்டணம் யாருடையது. நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு. கடைசியாக ஒன்று, பலர் கேட்காமல் விடுவது: மூன்று கோர்னிஷும் உண்டா? சிலர் நெடுஞ்சாலையில் விரைவாக மொனாக்கோவுக்குக் கொண்டுபோய், வரும் வழியில் ஏஸைக் காட்டிவிடுகிறார்கள். அப்படியானால் தனி வண்டிக்கும் ரயிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜூலை ஆகஸ்டில் நான் போனதில்லை. அந்த நெரிசலில் தனி வண்டியும் கீழ் கோர்னிஷில் ஊர்ந்துதான் போகும் என்று தங்கை சொல்கிறாள். அப்போது இன்னும் சீக்கிரம், ஏழரைக்கே கிளம்புவது உதவலாம்.

அடுத்த முறைக்கு ஒரு மாற்றம் வைத்திருக்கிறோம். தனி வண்டியை மொனாக்கோவோடு முடித்துக்கொண்டு, திரும்புவது ரயிலில். டிரைவரிடமே கேட்டேன், முன்கூட்டிச் சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம் என்றார். திரும்பும் பயணத்தின் முக்கால் மணி மிச்சம், மொனாக்கோவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், நிலையத்தில் லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்கும் கஷ்டமில்லை. கீழ் கோர்னிஷ் போய்விடுமே என்றால், அன்றைய ரயிலில் வில்ஃப்ரான்ஷில் இறங்கிக்கொள்ளலாம். நிலையத்திலிருந்து கொஞ்சம் இறங்கினால் கடற்கரை. அப்புறம் நீஸின் பழைய நகரத்தில் சூடான சோக்கா. கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் தண்ணீரில் கரைத்து விறகடுப்பில் சுடுவது. இந்த முறையே அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘நம்ம அடை மாதிரிதான், இன்னும் கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம்’ என்றார்.