கலே தாண்டிப் பெற்றோல் அடிக்கிற லண்டன் ஆக்கள் கவனம்: காட் மெசினில் ‘பவுண்ஸ்’ அழுத்த விடாதீர்கள்

அண்ணாவின் மகளுக்குப் பாரிசில் சாமத்தியவீடு. ஈஸ்ரர் லீவு என்றபடியால் ஐந்து பேருக்கு ரயில் ரிக்கெட் பார்க்கவே தலை சுற்றியது. சரி, காரிலேயே போவம் என்று நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், மாமி எல்லாரும் வெளிக்கிட்டோம். ஹரோவிலிருந்து ஃபோக்ஸ்டன், அங்கிருந்து சுரங்க ரயில், கலேயில் இறங்கினால் பாரிஸ் 290 கிலோமீற்றர் சொச்சம். இது எனக்கு முதல் தடவையும் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு.

முதல் பிழை என்னுடையது. சுரங்க ரயிலை விட்டு வெளியே வந்தவுடன் கோக்கேலில் சிற்றே யூரோப் என்ற பெரிய கடைத்தொகுதி இருக்கிறது. அங்கே கார்ஃபூர் சுப்பர்மார்க்கெட்டும் அதன் பெற்றோல் செட்டும். கால் டாங்க்தான் கிடந்தது, அடித்துவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளைகள் நித்திரை, நேரம் இரவு ஒன்பதரை, “போற வழியில அடிப்பம்” என்று நேரே ஏ26இல் ஏறிவிட்டேன். பிரான்சில் மோட்டர்வேயில் அடிப்பதற்கும் ஊருக்குள் சுப்பர்மார்க்கெட்டில் அடிப்பதற்கும் லீற்றருக்கு 20, 25 சதம் வித்தியாசம் வருவது சாதாரணம். தெரிந்துகொண்டுதான் ஏறினேன். அராஸ் தாண்டி ஏ1இல் சிவப்பு லைட் எரிய, அடுத்து வந்த செட்டுக்குள் திருப்பினேன். எந்தச் செட் என்று பெயர் போடவில்லை. இது பல இடத்திலும் நடக்கிற வேலை.

காரை நிறுத்தி இறங்கவில்லை, கோட் சூட் போட்ட ஒருவர் ஓடி வந்தார். தள்ளி ஒரு கார், பொனற் திறந்தபடி, உள்ளே ஒரு பெண்ணும் குழந்தையும். காட் வேலை செய்யவில்லை, பெற்றோல் முடிந்துவிட்டது, 50 யூரோ தந்தால் இந்த மோதிரத்தை வைத்துக்கொள்ளுங்கள், 18 கரட், கலியாண மோதிரம் என்று நல்ல இங்கிலிஷில் கண் கலங்கிக் கதைத்தார். இங்கிலாந்து நம்பர் பிளேட்டைக் கண்டால் தேடி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருந்தாலும் குழந்தையைக் கண்டதும் மனம் இளகிவிட்டது. மாமி பின்கதவுக் கண்ணாடியை இறக்கி மோதிரத்தை வாங்கினா. உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தா, உள்பக்கத்தைத் திருப்பினா.

“தம்பி, முத்திரையைப் பாருங்கோ, எவ்வளவு பெரிசாக் குத்திக் கிடக்கு. இந்த மொத்தத்துக்குப் பாரமும் காணாது. பித்தளை. குடுத்திட்டு வாங்கோ.”

ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. மோதிரத்தை வாங்கிக்கொண்டு அடுத்த காரைப் பார்த்து நடந்தார். நாங்கள் ஏதோ பெரிய கள்ளனைப் பிடித்த மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிரிப்போடுதான் காசு கட்ட உள்ளே போனேன். 48 லீற்றர், லீற்றர் 1.98, மொத்தம் 95 யூரோ 4 சதம். கவுண்டரில் இருந்த பொடியன் என் காட்டை மெசினில் செருகினான். திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டே ஒரு பட்டனை அழுத்தினான். பிறகுதான் என் பக்கம் திருப்பி “பின், பிளீஸ்” என்றான். நானும் நாலு இலக்கத்தை அடித்துவிட்டு வந்துவிட்டேன். பில் துண்டு வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறதே என்று மனைவிதான் கார் லைட்டில் வாசித்தாள். 87 பவுண்ஸ் 19 பென்ஸ். வெளிநாட்டுக் காட் என்றால் யூரோவில் எடுக்கவா, பவுண்ஸாக மாற்றி எடுக்கவா என்று மெசின் கேட்கும். என்னைக் கேளாமலே அவன் பவுண்ஸை அழுத்தியிருக்கிறான்.

அன்று சந்தையில் ஒரு பவுணுக்கு 1.16 யூரோ அளவில் போனது. அந்தக் கணக்கில் 82 பவுண்ஸ்கூட வராது. இவர்கள் போட்டிருந்தது 1.09. அதாவது பெற்றோல் விலைக்கு மேலே காசு மாற்றிய வகையில் இன்னொரு 6 வீதத்துக்கும் கூட. இந்த லாபத்தைக் கடையும் காட் மெசின்காரக் கம்பனியும் பங்கு போடுவார்கள். அதனால்தான் அந்தப் பட்டனில் அவ்வளவு அக்கறை. எந்த நாணயத்தில் கட்டுவது என்பதைக் காட் வைத்திருக்கிறவர்தான் தீர்மானிக்கவேண்டும், கடைக்காரர் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தைவிட எத்தனை வீதம் கூட எடுக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர் சம்மதிக்க முன்னமே காட்டவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. காட்டியிருப்பார்கள்தான், அவன் பக்கம் இருந்த திரையில்.

திரும்பிப் போய்க் கேட்டேன். தோளைக் குலுக்கி “ஒட்டோமற்றிக்” என்றான். ரத்துச் செய்துவிட்டு யூரோவில் எடு என்றேன். இங்கிலிஷ் திடீரென்று விளங்காமல் போய்விட்டது. எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில். வெளியே காருக்குள் சின்னவள் எழும்பி அழுகிறாள். விட்டுவிட்டு வந்தேன்.

ஐந்து பவுணுக்கு இவ்வளவு எழுத்தா என்று கேட்பீர்கள். ஹோட்டல், சாப்பாடு, ரோல் (மோட்டர்வேக் கட்டணம்) என்று அந்த மூன்று நாளில் 900 யூரோ அளவில் காட்டில் போனது. எல்லா இடமும் இப்படி ‘பவுண்ஸ்’ விழுந்திருந்தால் கிட்டத்தட்ட 50 பவுண்ஸ் காற்றில் போயிருக்கும். பிறகு பாரிசில் எங்கள் ஆக்களின் கடைத்தெருவான லா சப்பலில் சாறிக் கடை ஒன்றிலும் மெசின் அதே கேள்வியைக் கேட்டது. அங்கே இருந்த அக்கா தானே “யூரோவை அமத்துங்கோ தம்பி, மற்றது நட்டம்” என்றா.

அதனால் மெசினை உங்கள் கையில் வாங்குங்கள். திரையில் பவுண்ஸ் தொகை பெரிதாக, பச்சை நிறத்தில், தெரிந்த முகம் மாதிரி நிற்கும். அதைத் தொடவேண்டாம். உங்கள் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு என்ன எடுக்கிறது என்று வெளிக்கிட முன் பாருங்கள். பல காட்டில் 3 வீதத்துக்குக் கிட்ட வரும், ஒன்றும் எடுக்காத காட்டுகளும் இருக்கின்றன. மெசின் ஏற்கெனவே பவுண்ஸில் போய்விட்டால் பின் நம்பர் அடிக்க முன் சிவப்புப் பட்டனை அழுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு கதைத்துப் பிரயோசனமில்லை.

பம்பிலும் கண் வேண்டும். பிரான்சில் ‘கசோல்’ என்று எழுதியிருப்பது டீசல். எங்கள் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் அதைக் ‘கசொலின்’ என்று நினைத்துப் பெற்றோல் காருக்குள் விடப் பார்த்தான். டீசல் குழாய் தடிப்பு என்றபடியால் நுழையவில்லை, தப்பினான். டீசல் கார்க்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பெற்றோல் குழாய் ஒல்லி, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மூடியில் வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றிருந்தால் பெற்றோல், சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல். விலைப் பலகையில் ஈ85 மற்றதைவிட நல்ல மலிவாக நிற்கும். அது எதனோல் கூடிய கலவை, எங்கள் சாதாரண கார்களுக்கு ஆகாது. மலிவு தேடுகிறவர்கள் பிரெஞ்சு அரசே நடத்துகிற எரிபொருள் விலைத் தளத்தில் செட் செட்டாக விலை பார்க்கலாம். நான் இப்போதுதான் அதைப் போனில் சேமித்தேன், எல்லாம் முடிந்த பிறகு.

கப்பலில் லு ஹாவ்ர், கான் பக்கம் இறங்கி ஏ13இல் பாரிஸ் வருகிறவர்களுக்கு இன்னொன்று. அந்தப் பாதையில் இப்போது ரோல் தடுப்பு இல்லை, கமரா நம்பரைப் படம் எடுக்கும், 72 மணித்தியாலத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்டவேண்டும். தேடும்போது அதே மாதிரி முகப்போடு போலித் தளங்களும் வரும்.

திரும்பி வரும்போது ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குள் சுப்பர்மார்க்கெட் செட்டில் அடித்தோம். ஆள் இல்லாத பம்ப். காட்டைச் செருகியவுடன் போனில் 150 யூரோ என்று செய்தி வந்தது, நெஞ்சு பக்கென்றது. அது களவில்லை. எவ்வளவு அடிப்பீர்கள் என்று பம்புக்குத் தெரியாததால் முன்கூட்டிப் பிடித்து வைக்கிற காசு. எனக்கு இரண்டு நாளில் சரியான தொகைக்கு மாறியது. காட்டில் இருப்பது மட்டுமட்டு என்றால் இது உங்களை நடுவழியில் மாட்டிவிடும்.

லண்டன் வந்து வங்கிக்கு எழுதினேன். துண்டின் படத்தைக் கேட்டார்கள், அனுப்பினேன். அதன் அடியில் பொடி எழுத்தில், பவுண்ஸில் கட்ட நானே விரும்பித் தெரிவுசெய்ததாக ஒரு வரி அச்சடித்திருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் வங்கி கையை விரித்தது. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். “மோதிரக்காரன் பரவாயில்லை” என்றா.