பச்சைத் துருவின் அடுக்குகள்: கனிம மாதிரிப் பெட்டி ஒன்றின் மதிப்பீடு

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் கோவைக் கடை ஒன்றில், அடுக்கமைப்புக் கொண்ட இரும்புக் கனிமங்களையும் உயிரின் தோற்றத்தில் அவற்றுக்கு இருந்திருக்கக்கூடிய பங்கையும் விளக்கும் பெட்டி ஒன்று 1,850 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருவகை இரும்பு அயனிகளும் கலந்த ஹைட்ராக்சைடான பச்சைத் துருவுக்கும் மாக்கினவைட் என்னும் இரும்பு சல்பைடுக்கும் பந்தும் குச்சியுமான மாதிரிகள், சில கல் துண்டுகள், ஒரு செய்முறைக்கான வேதிப்பொருள்கள், மெல்லிய கையேடு ஆகியவை அதில் உள்ளன. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவன் என்ற முறையில், வாங்க எண்ணும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு ஈடு செய்வது பச்சைத் துருவின் மாதிரிதான். ஒவ்வோர் இரும்பு அயனியையும் ஆறு ஹைட்ராக்சில் அயனிகள் எண்முக வடிவில் சூழ்ந்திருக்க, அந்த எண்முகிகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஒரு தகடாக விரிவதை மாணவர்கள் தாங்களே கோத்துப் பார்க்கலாம். சாம்பல் நிறப் பந்து இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பையும், சிவப்புப் பந்து மூன்று கொண்ட இரும்பையும் குறிக்கின்றன. சாம்பலை எடுத்துவிட்டுச் சிவப்பை வைக்கும் ஒவ்வொரு முறையும் தகட்டில் ஒரு நேர்மின்னூட்டம் மிகுகிறது. அதை ஈடுகட்டவே கார்பனேட், குளோரைடு, சல்பேட் போன்ற எதிரயனிகள் நீர் மூலக்கூறுகளோடு தகடுகளின் இடையில் வந்து அமர்கின்றன. சென்னிமலைப் போர்வைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே தாள் செருகி வைத்ததைப் போன்ற இந்த அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து புரியவைப்பது கடினம். தகடுகளின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் மூலைகளில் திருகு வைத்திருப்பது நல்ல யோசனை. கார்பனேட் அமர்ந்தால் ஓர் அடுக்கின் உயரம் சுமார் 0.75 நானோமீட்டர், சல்பேட் அமர்ந்தால் சுமார் 1.1 நானோமீட்டர் என்ற வேறுபாட்டை அதில் கண்ணால் காணலாம்.

ஆனால் பெட்டியில் கார்பனேட் துண்டுகள் மட்டுமே உள்ளன. அதே பெட்டியின் செய்முறையோ அன்னபேதியைக் கொண்டு செய்வது. அன்னபேதி இரும்பு சல்பேட்டாதலால், குடுவையில் உண்டாவது சல்பேட் வகைப் பச்சைத் துரு. கையில் இருக்கும் மாதிரி ஒன்று, குடுவையில் இருக்கும் பொருள் வேறொன்று என்பதைக் கையேடு ஓரிடத்திலும் சொல்லவில்லை.

செய்முறை அருமையாக வருகிறது. கொதிக்க வைத்து மூடி ஆறவைத்த நீரில் அன்னபேதியைக் கரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், முதலில் வெண்மை கலந்த வெளிர்பச்சையாகத் திரியும் படிவு, சற்று நேரத்தில் நீலம் தோய்ந்த கரும்பச்சையாகிறது. பிறகு காற்றுப் படும் மேல்விளிம்பில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு தோன்றி, மெதுவாகக் கீழே இறங்குகிறது. சாயக்கழிவு நீரை அன்னபேதியும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் திருப்பூர்க்காரர்களுக்கு இந்த நிறமாற்றம் புதிதாக இராது. பச்சைத் துரு என்று சீட்டு ஒட்டி வந்த மாதிரிக் குப்பி எனக்கு முழுப் பழுப்பாகவே வந்து சேர்ந்தது; தக்கை அடைப்பு காற்றைத் தடுக்காது என்பதை இதை விற்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாக்கினவைட் மாதிரி சிறியது. ஓர் இரும்பைச் சுற்றி நான்கு கந்தகம், ஏறத்தாழ 0.5 நானோமீட்டர் இடைவெளியில் மின்னூட்டமற்ற அடுக்குகள், அவ்வளவே. நம் உயிரணுக்களில் எலெக்ட்ரானைக் கடத்தும் புரதங்களுக்குள் இதையொத்த இரும்பு-கந்தகக் கொத்துகள் இருப்பதைக் கையேடு படத்துடன் காட்டுவது பாராட்டத்தக்கது.

கல் துண்டுகளில்தான் குழப்பம் தொடங்குகிறது. சேலம் கஞ்சமலையின் மாக்னடைட் குவார்ட்சைட் என்னும் இரும்புத்தாதுக் கல்லின் துண்டு ஒன்றை வைத்து, அதன் கறுப்பு வெள்ளை வரிகளையும் பச்சைத் துருவின் தகடுகளையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கல்லில் தெரியும் வரிகள் மில்லிமீட்டர் கணக்கில் மாறி மாறி அமைந்த கனிமப் பட்டைகள்; மாக்னடைட்டின் படிக அமைப்பு அடுக்கமைப்பே அன்று. மாணவர்கள் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுவார்கள். கல்லுக்கும் பச்சைத் துருவுக்கும் தொடர்பு காட்ட வேண்டுமானால், இந்தோனேசியாவின் மத்தானோ ஏரியில் பச்சைத் துரு உருவாவதைக் கண்ட 2012ஆம் ஆண்டு ஆய்வையும், பழங்காலக் கடல்களில் இரும்பு படிந்ததற்கும் அதுவே ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்று கூறிய 2017ஆம் ஆண்டு ஆய்வையும் சொல்லியிருக்கலாம்.

உயிரின் தோற்றம் குறித்த பகுதி தேவைக்கு மீறிய உறுதியோடு பேசுகிறது. புவியியலாளர் மைக்கேல் ரசல் நீண்டகாலம் வாதிட்ட கருத்து இதுதான்: கடலடிப் பாறையிலுள்ள ஆலிவின் என்னும் கனிமம் நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் என்னும் வேறொரு கனிமமாக மாறும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது, அந்த ஹைட்ரஜனைச் சுமந்து வந்த காரத்தன்மையுள்ள ஊற்று நீர், அமிலத்தன்மை கொண்ட பழங்கடலைச் சந்தித்த இடத்தில் இரும்புக் கனிமச் சுவர்கள் எழுந்தன, பச்சைத் துருவின் தகடுகளுக்கிடையில் தொடக்க வேதிவினைகள் நடந்தன. 2000ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் லாஸ்ட் சிட்டி ஊற்றுக்களம் கண்டுபிடிக்கப்பட்டபோது, அத்தகைய கார ஊற்றுகள் இன்றும் இருப்பது உறுதியாயிற்று. 2019இல் லாரி பார்ஜ் குழுவினர், இருவகை இரும்பும் கலந்த ஹைட்ராக்சைடோடு பைருவேட் என்னும் கரிமப் பொருளையும் அம்மோனியாவையும் சேர்த்து 70 டிகிரி வெப்பத்தில் அலனின் என்னும் அமினோ அமிலத்தைப் பெற்றனர். ஆயினும் பைருவேட்டைச் சேர்த்தது ஆய்வாளர்கள் கை. அமினோ அமிலம் உண்டாவதற்கும், தன்னைத் தானே பெருக்கும் மூலக்கூறு உண்டாவதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. நிலத்துக் குட்டைகளும் புற ஊதா ஒளியுமே தொடக்கம் என்று கருதும் வலுவான அணியும் இருக்கிறது. கையேட்டில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. “உயிர் இங்கேதான் பிறந்தது” என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வகுப்பில் கொடுக்கும்முன் ஆசிரியர் திருத்தியாக வேண்டும். ஆலிவின் நிறைந்த டூனைட் பாறை சேலத்து வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியிலேயே கிடைக்க, அதில் ஒரு துண்டைக்கூட வைக்காமல் அட்லாண்டிக்கின் படத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்கு வியப்பளித்தது.

காஸ்டிக் சோடாவைச் சாதாரண நெகிழிப் பையில் கட்டித் தருகிறார்கள். ஈரத்தை உறிஞ்சிக் கசியும் பொருளை அப்படித் தரக்கூடாது. இறுக மூடும் கெட்டியான பாலிஎதிலீன் குப்பிக்கு மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். கையுறையும் கண்காப்பும் பெட்டியில் இல்லை. கடையில் கேட்டதற்கு, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.