பாளையங்கோட்டை வெயிலில் ஆறு பாட்டில் ரியோஹா

கப்பல் வேலையில் இருந்தபோது 2018-ல் ஸ்பெயினின் பில்பாவ் துறைமுகத்தில் வாங்க ஆரம்பித்தேன். ரியோஹா என்ற ஸ்பெயின் பகுதியின் சிவப்பு ஒயின், கிரான் ரிசர்வா (விற்பனைக்கு வருமுன்பே பல வருடம் முதிரவைத்த வகை), 2010 அறுவடை, பெரும்பாலும் டெம்ப்ரனியோ திராட்சை. வரியில்லாமல் 2 லிட்டர்தான் கொண்டுவரலாம் என்பதால், விடுமுறைக்கு இரண்டு பாட்டிலாக மூன்று தடவையில் ஆறு சேர்ந்தது.

முதல் பாட்டிலை 2019-ல் திறந்தோம். செர்ரிப் பழம், தேங்காய், வனிலா வாசனை. தேங்காயும் வனிலாவும் ஓக் பீப்பாய் தருபவை. குடித்தபின் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு துவர்த்துப் பிடித்தது. நல்ல ஒயின்தான், ஆனால் அவசரப்பட்டுவிட்டோம்.

ஒரு பாட்டிலை அட்டைப்பெட்டியோடு பரணில் மறந்துவிட்டேன். மேலே மொட்டைமாடி, இரண்டு கோடை. 2021-ல் எடுத்தபோது தக்கை வெளியே தள்ளி, கழுத்தெல்லாம் பிசுக்கு. உள்ளே டீ டிக்காஷன் நிறம். உலர்திராட்சையைக் கொதிக்கவைத்த வாசனை, அவ்வளவுதான். கொட்டும்போது வயிறு எரிந்தது.

மற்றவை குளிர்பெட்டியில் இருந்தன. முதலில் வாங்கியது கம்ப்ரசர் இல்லாத சின்னப் பெட்டி. அந்த வகை அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் குறைக்கும். சித்திரையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நம் ஊருக்குக் கம்ப்ரசர் வைத்ததுதான் சரிப்படும். மாற்றியபின் 13 டிகிரியில் நிற்கிறது.

இடையில் திறந்த இரண்டும் படிப்படியாக இளகிவந்தன. போன ஐப்பசியில், அடைமழை நாளில் திறந்ததைத்தான் சொல்ல வேண்டும். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, டார்ச் வெளிச்சத்தில் மெதுவாக ஊற்றினேன்; அடியில் ஒரு விரற்கடை வண்டல். துவர்ப்புச் சத்தும் நிறச்சத்தும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து அப்படிப் படிகின்றன. துவர்ப்பு மெத்தென்று ஆவதற்கும் அந்தச் சேர்க்கைதான் காரணம். நிறம் ஓரத்தில் செங்கல் போல வெளுத்திருந்தது. பழ வாசனை பின்னால் போய், காய்ந்த புகையிலை, தோல் பை, மழைக்குப் பிறகு பாபநாசம் மலைப்பாதையில் மக்கிய இலை. மச்சினன் மோந்து பார்த்துவிட்டு, "அத்தான், பழைய கருப்பட்டிச் சட்டி மாதிரில்லா மணக்கு" என்றான். சரியாகச் சொன்னான். நான் அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். விழுங்கிய பிறகும் வெகுநேரம் நாக்கில் அந்த மணம் இருந்தது. லேசான புளிப்பு அதை நிமிர்த்திப் பிடித்திருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் ஒயினின் மணம் அடங்கிவிட்டது. பழைய ஒயினை வடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும்: மிளகாய் அரைத்த ஆட்டுக்கறிக் குழம்போடு வைத்தால் ஒயின் இருந்த இடமே தெரியாது, காரம் மட்டும் கூடும். உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டுச் சுட்ட கறி போதும்.

இன்னும் ஒன்று பாக்கி, படுக்கை வாக்கில் இருக்கிறது. கரண்டு போனால் அந்தப் பெட்டிக் கதவை வீட்டில் யாரும் தொடுவதில்லை.