ஓய்வு நேரப் பதிவு மென்பொருள்: கணக்கில் குறையில்லை, சிவப்புக் கட்டத்தில்தான் சிக்கல்

கொழும்புக் கோட்டையில் கப்பல்களுக்கு ஆட்சேர்க்கும் அலுவலகங்கள் பலவும் கடலோடிகளின் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் ஒரு காலத்தில் எக்செல் தாள்களில்தான் பார்த்துவந்தன. இப்போது அந்த இடத்தைத் தனி மென்பொருள்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் அலுவலகம் ஆட்களை அனுப்பும் கப்பல்களில் நிறுவப்பட்டிருக்கும் அத்தகைய மென்பொருள் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. கரையிலிருந்து அதன் அறிக்கைகளை வாசிப்பவன் என்ற முறையிலும், ஒப்பந்தம் முடிந்து திரும்பும் பணியாளர்கள் சொல்வதைக் கேட்பவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடவில்லை, சந்தையில் உள்ள பலவும் அடிப்படையில் ஒரே அமைப்பைக் கொண்டவை என்பதால் வாங்க நினைப்பவர்களுக்கு அது ஒரு குறையாக இராது.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதை 2017இல் ஏற்புறுதி செய்தது. அதன்படி எந்த 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், எந்த 7 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 77 மணி நேர ஓய்வும் இருக்க வேண்டும். அந்த ஓய்வை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது நீள வேண்டும், இரண்டு ஓய்வுகளுக்கு இடையில் 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஓய்வுக்குப் பதிலாக வேலை நேரத்தை வைத்துக் கணக்கிடும் கொடி நாடுகளில் (கப்பல் பதிவுசெய்யப்பட்ட நாடுகளில்) உச்சவரம்பு 24 மணி நேரத்தில் 14, 7 நாட்களில் 72. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், காவற்கடமை (முறைவைத்துக் கப்பலைக் கண்காணிக்கும் வேலை) ஆகியவற்றுக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. சமவாயமும் 2010ஆம் ஆண்டு மணிலா திருத்தங்களுக்குப் பிறகு ஏறக்குறைய இதே எண்களைத்தான் சொல்கிறது. ஆனால் வாராந்த ஓய்வை 70 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள, தொடர்ச்சியாக இரண்டு வாரங்களுக்கு மேற்படாமல், கொடி நாடு விதிவிலக்கு வழங்க அது இடம்தருகிறது.

இவற்றில் "எந்த 24 மணி நேரமும்" என்ற சொற்கள்தான் எக்செல் தாள்களைத் தோற்கடித்தவை. ஓர் அதிகாரி திங்கட்கிழமை காலை 10 மணிவரை ஓய்வெடுத்துவிட்டு நள்ளிரவுவரை வேலை செய்கிறார், நிறுத்தாமல் செவ்வாய் பிற்பகல் 2 மணிவரை தொடர்கிறார், அதன்பின் நள்ளிரவுவரை உறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டி நாளை அலகாகக் கொள்ளும் தாள் திங்களுக்கு 10 மணி நேர ஓய்வு, செவ்வாய்க்கு 10 மணி நேர ஓய்வு என்று இரண்டையும் பச்சையாகக் காட்டிவிடும். உண்மையில் அந்த மனிதர் 28 மணி நேரம் இடைவிடாமல் நின்றிருக்கிறார். திங்கள் காலை 10 மணிக்கும் செவ்வாய் காலை 10 மணிக்கும் இடையில் அவருக்கு ஒரு நிமிட ஓய்வும் இல்லை. நான் பார்த்த மென்பொருள் 24 மணி நேரச் சாளரத்தை அரை மணி அரை மணியாக நகர்த்திக்கொண்டே போய்ச் சோதிப்பதால் இந்த மீறலை உடனே பிடித்துவிடுகிறது. அதை வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று சொல்லலாம்.

கணக்கின் நுணுக்கம் வேறு இடங்களிலும் தெரிகிறது. சூயஸை நோக்கி மேற்கே போகும் கப்பலில் கடிகாரம் பின்வைக்கப்படும் நாள் 25 மணி நேரமாகவும், கிழக்கே போகும்போது 23 மணி நேரமாகவும் சரியாகக் கணிக்கப்படுகிறது. கொழும்பின் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால் அரை மணி மாற்றத்தையும் ஏற்க வேண்டியிருக்கிறது. முழு மணிக் கட்டங்களை மட்டும் வைத்திருந்த பழைய தாள்களில் இது பெரும் தொல்லையாக இருந்தது. அமெரிக்கக் கடற்பரப்புக்குச் செல்லும் எண்ணெய்க் கப்பல்களுக்கு 1990ஆம் ஆண்டின் எண்ணெய் மாசுச் சட்டம் விதிக்கும் தனி வரம்பை, அதாவது 24 மணி நேரத்தில் 15, 72 மணி நேரத்தில் 36 என்பதை, ஒரே சொடுக்கில் சேர்த்துக்கொள்ளவும் முடிகிறது.

திட்டமிடும் பகுதியை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் அதைப் பயன்படுத்துவோர் குறைவு. கொழும்பைப் பொறுத்தவரை அதன் அருமை தூத்துக்குடி போன்ற அண்மைத் துறைமுகங்களுக்கு ஓடும் சிறு கொள்கலன் கப்பல்களில் விளங்கும். பயணம் குறுகியது, ஒரு துறைமுகத்தில் கயிறு அவிழ்த்த களைப்புத் தீருமுன் அடுத்ததில் கயிறு கட்ட வேண்டும். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறும் நேரம் தள்ளிப்போகிறது, இறங்குதுறை மாற்றப்படுகிறது, நடுவே பரிசோதகர்களும் வருகிறார்கள். நாளைய அட்டவணையை முன்கூட்டியே பதிந்தால், தலைமை அதிகாரிக்கோ, தளப் பணியாளர்களின் தலைவரான போசனுக்கோ எந்த மணியில் வரம்பு உடையும் என்பதை மென்பொருள் காட்டிவிடும். கப்டன் ஆளை மாற்றலாம், அல்லது ஆள் போதாது என்று நிறுவனத்துக்கு எழுதலாம். இரண்டாவதைச் செய்கிற கப்டன்கள் அரிதானவர்கள், அதற்கான காரணத்தை அலுவலகங்களில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். வரம்பை மீறும் ஒரு பதிவைச் சேமிக்க முயன்றால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. "திருத்துக" என்ற பொத்தான் பெரிதாகவும் நடுவிலும் இருக்கிறது. மீறலை அப்படியே ஏற்றுச் சேமிக்க வேண்டுமானால் காரணம் எழுதி, கப்டனின் கடவுச்சொல்லையும் பெற வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சரக்கு வேலை முடித்து வந்து கணினிமுன் அமரும் மூன்றாம் அதிகாரி எதைச் செய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் ஒரு மணி நேரத்தை நகர்த்துகிறார், கட்டம் பச்சையாகிறது. தேர்வு எழுதுபவருக்குச் சரியான விடைகளை அருகில் வைத்துக்கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. போதாக்குறைக்கு, கடந்த மாதத்தின் பதிவை அப்படியே இந்த மாதத்துக்குப் படியெடுக்கும் வசதியும் உண்டு. விற்பனையாளர்கள் அதை நேரம் மிச்சம் பிடிக்கும் அம்சமாக விளம்பரப்படுத்துகிறார்கள். நடந்ததைப் பதிய வேண்டிய ஏட்டில் அப்படியொரு பொத்தானுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை.

இது என் ஐயம் மட்டுமன்று. சுவீடனின் மால்மோ நகரிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, வேலை, ஓய்வு நேரப் பதிவுகளை விதிக்கு இசையத் திருத்தி எழுதுவது கப்பல்களில் பரவலான வழக்கமாகிவிட்டது என்பதையும், ஆட்குறைவே அதன் வேர்களில் ஒன்று என்பதையும் விரிவாகக் காட்டியது. பதிவு எப்படியிருந்தாலும் உறக்கமின்மை தன் வேலையைச் செய்துவிடும். 2010 ஏப்ரலில் கிளாட்ஸ்டனில் நிலக்கரி ஏற்றிப் புறப்பட்ட ஷென் நெங் 1 என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் தரைதட்டியபோது காவற்கடமையில் இருந்த தலைமை அதிகாரி, அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் இரண்டரை மணி நேரமே உறங்கியிருந்தார் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பணியகம் கண்டறிந்தது.

பரிசோதகர்களும் பச்சை நிறத்தைப் பார்த்து மயங்குபவர்கள் அல்லர். தம் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்கும் பாரிஸ், டோக்கியோ உடன்பாடுகளின் கீழுள்ள துறைமுக அரசுகள் 2014இல் மூன்று மாதங்கள் ஓய்வு நேரத்தையே குறிவைத்துக் கூட்டாகச் சோதனை நடத்தின. அனுபவமுள்ள பரிசோதகர் ஓய்வுப் பதிவைத் தனியாக வாசிப்பதில்லை. கப்பல்தளக் குறிப்பேடு, எண்ணெய்ப் பதிவேடு, எரிபொருள் ஏற்றிய பற்றுச்சீட்டு, ஒத்திகைப் பதிவு ஆகியவற்றோடு ஒட்டிப் பார்ப்பார். எரிபொருள் ஏற்றிய நேரத்தில் இரண்டாம் பொறியியலாளர் உறங்கிக்கொண்டிருந்ததாகப் பதிவு சொன்னால் வேறு சாட்சி தேவையில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவுத் தாளும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். இந்த மென்பொருளில் அத்தகைய ஒப்புநோக்கு எதுவும் இல்லை. சம்பளப் பகுதி தனியாகவும் ஓய்வுப் பகுதி தனியாகவும் ஓடுகின்றன.

கரையில் நாங்கள் காணும் முகப்புத் திரையும் இந்தப் போக்குக்குத் துணைபோகிறது. மீறல்களின் எண்ணிக்கையை வைத்து அது கப்பல்களை வரிசைப்படுத்துகிறது. உள்ளதை உள்ளபடி எழுதும் கப்பல் அடியிலும், படியெடுத்து ஒட்டும் கப்பல் முடியிலும் வந்து நிற்கின்றன. எங்கள் அலுவலகத்தில் அந்த வரிசையைக் கூட்டங்களில் காட்டுவதை நிறுத்தச் செய்தோம். அதற்குப் பதிலாக, சேமித்தபின் திருத்தப்பட்ட பதிவுகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கிறோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை மென்பொருள் அழிக்காமல் வைத்திருக்கிறது; அந்த வகையில் பாராட்டத்தான் வேண்டும், ஆனால் அந்தப் பட்டியலை மூன்று திரைகளுக்கு உள்ளே ஒளித்துவைத்திருக்கிறது.

பணியாளருக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. தன் பதிவின் பிரதியை, கப்டனும் தானும் ஒப்பமிட்ட நிலையில் பெறுவது சமவாயம் அவருக்குத் தரும் உரிமை. இங்கோ மாத இறுதியில் கப்பல் அலுவலகக் கணினியில் அச்சிட்டுக் கையொப்பம் வாங்குகிறார்கள். கேட்டவருக்கு மட்டும் பிரதி கிடைக்கிறது. திரை முழுவதும் ஆங்கிலம். வல்வெட்டித்துறையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் போகும், இயந்திர அறைப் பணியாளர்களான ஒயிலர்கள் வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தாராளமாக அறிவார்கள், எனினும் மீறல் எச்சரிக்கையின் நீண்ட வாசகத்தை வாசித்துத் தன் தரப்பைக் காரணப் பெட்டியில் எழுதுவது வேறு காரியம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு விளக்கக் குறிப்பைச் சேர்ப்பது நிறுவனத்துக்குப் பெரிய செலவாக இராது.

எக்செல் தாளோடு ஒப்பிட்டால் இதை வாங்கலாம் என்றே சொல்வேன். கப்பலொன்றுக்கு டொலரில் ஆண்டுச் சந்தா என்பதால் சிறு நிறுவனங்கள் யோசிக்கத்தான் செய்யும். செயல்விளக்கத்துக்கு வருபவரிடம் பச்சைத் திரைகளைக் காட்டச் சொல்ல வேண்டாம். ஒரு மீறலைப் பதியச் சொல்லுங்கள், அதை மாற்றாமல் சேமிக்க எத்தனை படிகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், படியெடுக்கும் பொத்தானை நீக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு நீக்கித் தந்தார்கள். முகப்பு வரிசையை மாற்றித் தருவது பற்றி இன்னும் பதில் வரவில்லை.