துலூம், அகுமால் ஒரு நாள் சுற்றுலா: பணம் கட்டும் முன் படிக்கவும்

மெக்சிகோவின் கான்கூன் நகருக்குக் குடும்பத்துடன் செல்லவிருப்பவர்கள், "காலையில் துலூம் மாயன் சிதைவுகள், மதியம் அகுமால் விரிகுடாவில் ஆமைகளுடன் ஸ்நார்க்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீந்துவது), அனைத்துக் கட்டணங்களும் அடக்கம்" என்று விடுதி வரவேற்பறையில் யாரேனும் துண்டறிக்கை நீட்டினால், எங்கள் நால்வருக்கும் நேர்ந்ததைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தலைக்கு 95 டாலர் வீதம் கார்டில் முன்கூட்டியே கட்டியிருந்தோம். காலை 6 மணிக்கு வரவேண்டிய வேன் 7.10-க்கு வந்தது. துலூம் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் விடுதி விடுதியாக ஆள் ஏற்றியதிலும், கழிப்பறைக்கு என்று சொல்லி வெள்ளி நகையும் டெகீலா மதுவும் விற்கும் கடையொன்றில் 50 நிமிடங்கள் நிறுத்தியதிலும், வாசலை அடையும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. அந்தக் கழிப்பறை கடையின் கடைசி மூலையில் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வழியிலேயே வழிகாட்டி, "வரிகள் அடக்கமில்லை" என்று கூறித் தலைக்கு 45 டாலர் ரொக்கமாக வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை. தொல்லியல் தளத்துக்கும் அதைச் சூழ்ந்த பூங்காவுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு என்பது உண்மைதான், அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் கொடுத்தோம். நுழைவிடத்தில் இருந்த பலகையின் தொகைகளைக் கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் கொடுத்தது அதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. மெக்சிகோவில் பேசோவுக்கும் அதே $ குறியைத்தான் போடுகிறார்கள். எனவே பலகையைப் பார்த்தவுடன் மிரளாமல், எந்த நாணயம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பக்கம் மதிலும் நான்காம் பக்கம் கரிபியன் கடலுமாகப் பாறை விளிம்பில் நிற்கும் அந்த ஊரைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது 40 நிமிடங்கள். வாசலுக்கு மேல் தலைகீழாக இறங்கும் தெய்வத்தின் உருவம் செதுக்கப்பட்ட கோயிலைக் காட்டச் சொல்லி நான் கேட்டபோது, "நேரமில்லை" என்றார் வழிகாட்டி. அந்த ஊரைக் கட்டிய மாயர்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்றும் விளக்கினார். ஆனால் 1518-இல் கடல்வழியே சென்ற ஸ்பானியர்கள் கண்டபோதும் அந்த ஊரில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், எங்கள் வேன் ஓட்டுநரோ அன்று காலை முழுவதும் தன் வீட்டாரோடு கைபேசியில் மாயா மொழியில் பேசிக்கொண்டுதான் வந்தார்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். கடலில் நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன். அகுமாலில் ஆமைகள் மேயும் கடற்புல் பகுதி பாதுகாக்கப்பட்டது. அனுமதி பெற்ற வழிகாட்டியுடன், சிறு குழுவாக, லைஃப் ஜாக்கெட் அணிந்துதான் அங்கே நீந்தலாம். எங்களை அங்கே அழைத்துச் செல்லவேயில்லை. வேறொரு கடற்கரையில் படகில் ஏற்றி, அலை எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் பதினெட்டுப் பேரை ஒரே ஒருவர் பொறுப்பில் இறக்கிவிட்டார்கள். என் மகளுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி உடைந்திருந்ததால் கயிற்றால் கட்டியிருந்தார்கள். என் முகமூடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மகள் உப்புநீர் குடித்துப் பயந்து கத்தியபோது, அந்த ஒருவர் மறுபுறம் தண்ணீருக்கடியில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார், கரையில் விற்பதற்காக. இருபத்தைந்து நிமிடங்களில் அனைவரையும் மேலே ஏற்றினார்கள். ஆமை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்து கேட்டதற்கு, "சூழ்நிலைக்கேற்ப நிகழ்ச்சிகள் மாறலாம்" என்ற வரியைச் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம், நீந்துவது அகுமால் விரிகுடாவிலா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், எந்தெந்தக் கட்டணம் வெளியே என்ற நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். எழுதித் தர மறுத்தால், கான்கூனுக்கும் துலூமுக்கும் இடையிலுள்ள பிளாயா டெல் கார்மென் ஊரிலிருந்து துலூம் சாலையில் ஓடும் கொலெக்டீவோ எனப்படும் பங்கு வேனில் நீங்களே செல்லலாம். இரண்டு நாள் கழித்து நாங்கள் அப்படித்தான் போய், காலை 8 மணிக்கு வாசல் திறந்ததும் நுழைந்து, அந்தத் தலைகீழ்த் தெய்வத்தை ஆளரவமின்றிப் பார்த்தோம்.

கார்டில் கட்டிய 380 டாலருக்கு வங்கியில் ஆட்சேபம் பதிந்து, துண்டறிக்கையின் படத்தையும் வேன் வந்த நேரத்தைக் காட்டும் செய்திகளையும் அனுப்பியுள்ளேன், விசாரணை நடக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 180 டாலருக்குக் காட்ட என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை.