‘ஒரு முறைகூட ஓட்டாத எஞ்சின்’ என்று விற்கிறார்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய மாடல் லோகோ, அதாவது சிறிய அளவில் செய்த ரயில் எஞ்சின், வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். “பெட்டியை விட்டு எடுத்ததே இல்லை, ஒரு முறைகூட ஓட்டவில்லை” என்று ஒருவர் விற்றால் அதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். நான் மகிழ்ந்தேன். எட்டு மாதம் சேர்த்த பணம் போய்விட்டது, என் மேசையில் இப்போது இருப்பது தானாகவே நொறுங்கிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புப்பெட்டி. இரும்புகூட இல்லை, அதுதான் பிரச்சினையே.

நான் கட்டிக்கொண்டிருப்பது ஹெச்ஓ ஸ்கேலில், அதாவது 1:87 அளவில், ஒரு மலைப்பாதை. சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் பாதையை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். நிஜப் பாதையில் ஆயிரம் மீட்டர் போனால் 26 மீட்டர் ஏற்றம், நானும் அதே கணக்கில் மீட்டருக்கு 2.6 சென்டிமீட்டர் ஏற்றினேன். இரண்டு வருஷமாக பிளைவுட் அறுத்து, கார்க் ஒட்டி, ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டி தலைகுப்புற இடிக்காமல் இருக்க வளைவை மெதுவாக எடுத்து, எல்லாம் ஓர் எஞ்சினுக்காக. ‘முதலை’ என்று செல்லப்பெயர் வாங்கிய சிஇ 6/8. இரண்டு பக்கமும் நீண்ட மூக்கு, நடுவில் டிரைவர் அறை, வளைவில் உடம்பை மூன்றாக மடித்துப் போகும். 1919 முதல் 1922 வரை 33 எஞ்சின், பிறகு 1926, 27இல் சற்று மாற்றிய வகையில் இன்னும் 18 கட்டினார்கள், அவ்வளவுதான். மோட்டாரின் சக்தி சக்கரத்துக்குத் தண்டுகள் வழியாகப் போகும், ஓடும்போது அந்தத் தண்டுகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்கே இந்த மாடலை வாங்குகிறவர்கள் உண்டு. நானும் அந்த ஆள்தான்.

விளம்பரத்தில் ஆறு படங்கள் இருந்தன. பச்சைத் துணி விரித்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் அழகாக எடுத்தவை. அடிப்பக்கத்துப் படம் ஒன்றுகூட இல்லை, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓடுகிற வீடியோ கேட்டேன். “ஓட்டினால் புதுசு என்கிற மதிப்பே போய்விடும் சார், நீங்களே சேகரிக்கிறவர், உங்களுக்குத் தெரியாததா” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பேச்செல்லாம் நம் ஆட்கள் பேச்சு, எட்டு பின் சாக்கெட், டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் சிறு சர்க்யூட்) முகவரி, குறைந்தபட்ச வளைவு எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. டிகோடர் உள்ளேயே இருக்கிறது, தண்டவாளத்தில் வைத்து முகவரி 3 கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். விஷயம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நான் ஏன் நினைத்தேன் என்று இன்றுவரை புரியவில்லை, விஷயம் தெரிந்தவரால்தான் இந்த அளவுக்கு ஏமாற்ற முடியும்.

பணம் அனுப்பும்போது இன்னொன்று நடந்தது. கட்டணம் மிச்சமாகும், அதை விலையில் குறைத்துக்கொள்கிறேன், நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பிவிடுங்கள் என்றார். அப்படி அனுப்பிவிட்டால் பொருள் சரியில்லை என்று பிறகு முறையிடுகிற வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தச் சிறு தள்ளுபடிக்காக அனுப்பினேன்.

பெட்டி வந்தது. உள்ளே இருந்த நுரை பழசாகி, தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. எஞ்சினைத் தூக்கியதும் அடியில் கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி, நுரைதான் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் வைத்திருக்கும் புரோகிராமிங் டிராக்கில் வைத்தேன், பதில் இல்லை. முகவரி 3இலும் ஒன்றும் இல்லை. சரி, டிகோடர் கழன்றிருக்கும் என்று நடு உடம்பைத் திறந்தால், டிகோடர் இருக்க வேண்டிய சாக்கெட்டில் ஒரு வெற்றுப் பிளக். டிஜிட்டல் இல்லாமல் சாதாரண டிசி மின்சாரத்தில் ஓட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே செருகி அனுப்புகிற அதே சின்னப் பிளக்.

டிசியிலாவது ஓடுகிறதா பார்க்கலாம் என்று பழைய கன்ட்ரோலரில் மெதுவாக வோல்டேஜ் ஏற்றினேன். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகியது, சக்கரம் அசையவில்லை, ஆம்பியர் மீட்டர் முள் மட்டும் ஏறியது. உடனே நிறுத்திவிட்டேன். பிறகு முன்பக்கத் தண்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி கொடுத்தேன், இரண்டு பக்கச் சக்கரங்களும் சுற்ற ஆரம்பித்தன. அப்படியென்றால் மோட்டாரும் கியரும் நன்றாகத்தான் இருக்கின்றன, தண்டு போட்டால்தான் பூட்டிக்கொள்கிறது. தண்டு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், நேராக இருந்தது.

அப்போதுதான் நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்தேன். முதலைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டுச் சக்கர அச்சுகள். பின்பக்கப் போகியில் முதல் அச்சிலிருந்து மூன்றாவது அச்சு வரை அளந்தேன், முன்பக்கத்திலும் அதே இடத்தில் அளந்தேன். 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம். மூன்று தடவை அளந்தும் அதேதான். முன்பக்கச் சேஸிஸ், அதாவது அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டம், நீண்டிருக்கிறது! தண்டில் இருக்கும் துளைகளின் தூரம் மாறவில்லை, அச்சுகள் மட்டும் விலகிவிட்டன, எப்படிச் சுற்றும்? லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அச்சுக்குழியைச் சுற்றி, தண்ணீர் வற்றிய குளத்து மண் வெடிப்பது போல மயிரிழை விரிசல்கள், ஒரு மூலையை நகத்தால் அழுத்தியதும் பொருபொருவென்று உதிர்ந்தது. உதிர்ந்தது நான் துடைத்தெறிந்த அதே சாம்பல் பொடி.

இதற்கு ஜிங்க் பெஸ்ட், அதாவது துத்தநாகக் கொள்ளைநோய், என்று பெயர். மாடல் சேஸிஸ்கள் பெரும்பாலும் துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், தாமிரம் சேர்த்த ஸமாக் என்கிற கலவையில் வார்க்கப்படுகின்றன. அந்தக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஆரம்பித்து, உள்ளேயிருந்தே ஊதி, வளைந்து, விரிந்து, கடைசியில் பொடியாகிவிடும். ஈரப்பதம் இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். வார்த்த அன்றே விதி எழுதியாகிவிட்டது, ஆனால் வெளியே தெரியப் பல வருஷம் ஆகும். 1930களின் பொம்மை ரயில்களில் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, பிற்காலத்து மாடல்களிலும் அசுத்தமான வார்ப்பு மாட்டிக்கொண்டால் வரும். மருந்து கிடையாது, பசை போட்டு நிறுத்த முடியாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். பெயரில் பெஸ்ட் என்று இருப்பதால் பக்கத்து எஞ்சினுக்குத் தொற்றும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அதெல்லாம் தொற்றாது.

இப்போது அந்த ‘ஓட்டாத’ என்கிற வார்த்தைக்கு வருகிறேன். உண்மையிலேயே பெட்டிக்குள் கிடக்கிற எஞ்சினில்தான் இந்த நோய் யாருக்கும் தெரியாமல் வளரும். ஓட்டுகிறவர் என்றால் ஒருநாள் தண்டு இறுகுகிறதே என்று கவனித்திருப்பார். ஆக, ஓட்டாதது என்றால் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை, யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். வீடியோ காட்டாமல் தப்பிக்கவும் அதே வார்த்தை உதவுகிறது. அதற்கு மேல், இந்த எஞ்சின் ஓடாததும் இல்லை. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன், தண்டவாளத்தில் உரசும் பட்டையில் நிக்கல் பூச்சு தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை தெரிகிறது. ரப்பர் டயர்கள் கண்ணாடி போல இறுகிவிட்டன. ஓர் அச்சில் எண்ணெயில் ஊறிய தலைமுடி நாலு சுற்று சுற்றியிருக்கிறது. பெட்டியை விட்டு எடுக்காத எஞ்சினுக்கு எங்கிருந்து தலைமுடி வரும்?

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், “கூரியரில் அடிபட்டிருக்கும் சார்.” அடிபட்டால் வளையும், உடையும், இரண்டு அச்சுக்கு நடுவே உலோகம் எப்படி நீளும் என்று கேட்டேன். பொடி எங்கே, படத்தில் காணோமே என்றார். நான்தான் துடைத்துவிட்டேனே. நகத்தில் உதிர்ந்ததைக் காட்டினால், நீங்களே சுரண்டியிருப்பீர்கள் என்றார். டிகோடரைப் பற்றிக் கேட்ட பிறகு பதிலே வரவில்லை, மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் போன வழியில் புகார் கொடுத்தேன், நண்பருக்கு அனுப்பிய தொகையாகத்தான் பதிவாகியிருக்கிறது என்று முடித்துவிட்டார்கள்.

அதனால் தயவுசெய்து, அடிப்பக்கத்துப் படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். சக்கரப் பட்டை, அச்சுக்குழி, ரப்பர் டயர் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். வெட்டாத ஒரே வீடியோவில் மிக மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாள் இருக்கட்டும். வேகமாக ஓடும்போது தெரியாத இறுக்கம் மெதுவாக ஓடும்போது தெரிந்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தயங்கும். தண்டுள்ள எஞ்சின் என்றால் இரண்டு போகிகளையும் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படமெடுக்கச் சொல்வதில் தவறே இல்லை. மேல்கூடு கழன்று வருகிறதா என்பதையும் கேளுங்கள், சேஸிஸ் ஊதியிருந்தால் கூடு பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் முன் மூக்கு இன்னும் கழலவில்லை. டிகோடர் இருக்கிறது என்றால் அதன் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 8ஐப் படித்து அந்தத் திரையைக் காட்டட்டும், அதில் தயாரிப்பாளரின் எண் வரும், வெற்றுப் பிளக்கால் எந்த எண்ணையும் கொடுக்க முடியாது.

இன்னொரு நண்பருக்கு இதே ஆள் மூன்றாம் தண்டவாள ஏசி முறைக்கான (பாதையின் நடுவிலிருந்து அடியிலுள்ள தொடுபட்டை வழியாக மின்சாரம் எடுக்கும்) எஞ்சினை, அந்தத் தொடுபட்டையைக் கழற்றிவிட்டு இரு தண்டவாள டிசி எஞ்சின் என்று விற்றிருக்கிறார். அந்த வகைச் சக்கரங்களில் இடமும் வலமும் இன்சுலேஷன் இல்லாமல் இருப்பது வழக்கம், தண்டவாளத்தில் வைத்ததும் ஷார்ட். வைப்பதற்கு முன் மல்டிமீட்டரின் ஒரு முனையை இடது சக்கரத்திலும் மற்றதை அதே அச்சின் வலது சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள், பீப் அடித்தால் டிராக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பொடி, உடைந்த துண்டு, எது இருந்தாலும் துடைக்காமல் அப்படியே படம் எடுங்கள்.

முன்பக்கச் சேஸிஸ் மட்டும் தனியாக எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், மோட்டாரும் பின் போகியும் நன்றாக இருப்பதால் இன்னும் விடவில்லை. நேற்று இரவு அப்படித் தேடும்போதுதான் கண்ணில் பட்டது, வேறு பெயரில் புது விளம்பரம். இந்த முறை ஒரு நீராவி எஞ்சின், ஐந்து ஜோடி ஓட்டுச் சக்கரம், எல்லாம் தண்டால் இணைத்தது. அதே பச்சைத் துணி, மேலிருந்தும் பக்கவாட்டிலும் ஆறு படங்கள், கீழே “ஒரு முறைகூட ஓட்டாதது” என்கிற அதே வரி. யாராவது அதற்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே அடிப்பக்கத்துப் படத்தைக் கேளுங்கள்.